வேலையில்லாதவரின் வங்கிக் கணக்கில் அரசு எதைப் பார்க்கிறது? பிரிட்டன் சட்டமும் சென்னை நடைமுறையும்

பிரிட்டனில் 2025 டிசம்பர் 2 அன்று ஒரு புதிய சட்டம் மன்னரின் ஒப்புதலைப் பெற்றது. அரசு உதவித்தொகை போய்ச் சேரும் கணக்குகளை வங்கிகளே அலசி, தகுதி வரம்பைத் தாண்டியதாகத் தோன்றும் கணக்குகளை அரசுக்குத் தெரிவிக்க வேண்டும் என்பது அதில் ஒரு பகுதி. கடல் தாண்டிச் சென்னைக்கு வருவதற்குள் அந்தச் செய்தி தேய்ந்து, "வேலை இல்லைன்னு பணம் வாங்குறவங்க அக்கவுண்டை எல்லாம் கவர்மென்ட் பார்க்குதாம்" என்ற ஒற்றை வரியாகிவிடுகிறது. லண்டனில் பிள்ளை இருக்கும் மயிலாப்பூர் பெற்றோர், வேலைவாய்ப்பு அலுவலகத்தில் உதவித்தொகைக்கு எழுதிப் போட்டிருக்கும் இளைஞர், அம்பத்தூரில் கம்பெனி மூடி இஎஸ்ஐ பணத்துக்குக் காத்திருக்கும் தொழிலாளி என மூன்று பேர் அந்த வரியைப் படித்தால் மூவருக்கும் மூன்று விதமான பயம் வரும்.

மூவருக்கும் பொருந்தும் விதிகள் வேறு வேறு. அவற்றைப் பிரித்துப் பார்த்தால் பாதிக் குழப்பம் தீரும். மீதிப் பாதி உண்மையிலேயே கவலைப்பட வேண்டியது. அது பிரிட்டனுக்கு மட்டும் உரியதும் அல்ல.

முதலில், பணம் எந்த வகை?

வேலையில்லாதவருக்குக் கிடைக்கும் பணம் பெரும்பாலும் இரண்டு வகைதான்.

1. காப்பீட்டு வகை. வேலையில் இருந்தபோது சம்பளத்தில் பிடித்த சந்தாவுக்கு ஈடாகக் கிடைப்பது. இங்கே கேட்கப்படும் கேள்வி, எத்தனை நாள் சந்தா கட்டினீர்கள், வேலை எப்படிப் போனது என்பதுதான். வங்கியில் 5 லட்சம் சேமிப்பு இருந்தாலும் உரிமை குறையாது.

2. தேவை வகை. ஏழ்மையைக் கணக்கிட்டு அரசு தன் நிதியிலிருந்து தருவது. குடும்ப வருமானமோ சேமிப்போ ஒரு வரம்புக்குள் இருக்க வேண்டும். வரம்பு என்று ஒன்று வந்துவிட்டால் அதைச் சரிபார்க்கும் வேலையும் கூடவே வரும்.

வங்கிக் கணக்குச் சோதனை பற்றிய சண்டை எல்லாம் இரண்டாவது வகையைச் சுற்றித்தான். "என் கணக்கைப் பார்ப்பார்களா?" என்று கேட்பவர், தான் வாங்குவது எந்த வகைப் பணம் என்று முதலில் தெரிந்துகொள்ள வேண்டும்.

"சரிபார்ப்பு" என்ற ஒரே சொல்லுக்குள் நான்கு வேலைகள்

அரசு அறிவிப்புகளில் எல்லாவற்றுக்கும் "வங்கிக் கணக்கு சரிபார்ப்பு" என்றே எழுதிவிடுகிறார்கள். அதற்குள் நான்கு தனித்தனி வேலைகள் இருக்கின்றன. ஒவ்வொன்றும் முந்தையதைவிட ஒரு படி உள்ளே நுழைகிறது.

1. ஆள் சரிபார்ப்பு. இந்தக் கணக்கு இவருடையதுதானா, உயிரோடு இருக்கிறதா என்று பார்ப்பது. கணக்கில் எவ்வளவு இருக்கிறது என்பது இதில் தெரியவே தெரியாது.

2. கணக்குப் பட்டியல். இவருக்கு எந்தெந்த வங்கியில் கணக்கு இருக்கிறது என்று கண்டுபிடிப்பது. ஜெர்மனியில் 2005 முதல் இந்த முறை இருக்கிறது. மத்திய வரி அலுவலகம் வழியாகப் பெயர், பிறந்த தேதி, கணக்கு எண் போன்ற அடிப்படை விவரங்கள் கிடைக்கும். இருப்புத் தொகை கிடைக்காது.

3. இருப்புச் சோதனை. கணக்கில் உள்ள தொகை வரம்பைத் தாண்டியதா என்று மட்டும் பார்ப்பது. பிரிட்டனின் புதிய சட்டம் இந்தப் படியில் நிற்கிறது.

4. வரவு செலவைப் படிப்பது. யார் பணம் போட்டார்கள், எங்கே செலவானது என்று ஸ்டேட்மென்டை வரிவரியாகப் பார்ப்பது. ஜெர்மனியில் உதவித்தொகை கேட்பவரிடம் கடைசி மூன்று மாத ஸ்டேட்மென்டைக் கேட்கலாம் என்று அங்குள்ள கூட்டாட்சி சமூக நீதிமன்றம் 2008இல் சொன்னது. ஆனால் கட்சி, தொழிற்சங்கம், மத அமைப்பு போன்றவற்றுக்குக் கொடுத்த பணத்தில், யாருக்குப் போனது என்ற பெயரைக் கறுப்பு மையால் அடித்துவிட்டுத் தரும் உரிமையும் அதே தீர்ப்பில் இருக்கிறது. எவ்வளவு செலவானது என்று அரசு பார்க்கலாம், எந்தக் கட்சிக்குச் சந்தா கொடுத்தார் என்று பார்க்கத் தேவையில்லை. சோதனைக்கு எல்லை வகுப்பது எப்படி என்பதற்கு இவ்வளவு தெளிவான உதாரணம் வேறு கிடைப்பது கடினம்.

பிரிட்டன் சட்டம் உண்மையில் சொல்வது என்ன?

பிரிட்டனில் வேலையில்லாதவர்களும் குறைந்த வருமானக்காரர்களும் வாங்கும் முக்கியமான தொகைக்கு யூனிவர்சல் கிரெடிட் என்று பெயர். 25 வயது தாண்டிய தனி ஆளுக்கு 2025-26இல் அடிப்படைத் தொகை மாதம் சுமார் 400 பவுண்டு. இது தேவை வகை. ஒருவரின் சேமிப்பு 16,000 பவுண்டைத் தாண்டினால் தொகை கிடையாது. 6,000 பவுண்டுக்குக் கீழே இருந்தால் குறைப்பு கிடையாது. நடுவில் இருந்தால், 6,000க்கு மேலுள்ள ஒவ்வொரு 250 பவுண்டுக்கும் மாதம் 4.35 பவுண்டு கழிப்பார்கள். 7,000 பவுண்டு வைத்திருப்பவருக்கு மாதம் 17.40 பவுண்டு குறையும்.

இந்த வரம்புகள் பழையவை. சரிபார்க்கும் விதம்தான் புதியது. இதுவரை சேமிப்பு விவரத்தைப் பயனாளி தானாகச் சொல்ல வேண்டும். சந்தேகம் வந்தால் குறிப்பிட்ட ஆளின் கணக்கைப் பற்றி வங்கியிடம் கேட்கலாம். புதிய சட்டத்தில் சந்தேகம் முன்கூட்டியே இருக்க வேண்டியதில்லை. யூனிவர்சல் கிரெடிட், நோயாளிகளுக்கான இஎஸ்ஏ, முதியோருக்கான பென்ஷன் கிரெடிட் ஆகிய மூன்றும் வரவாகும் கணக்குகளை வங்கி மொத்தமாக அலசி, அரசு சொன்ன அளவுகோலில் சிக்குபவற்றைத் தெரிவிக்க வேண்டும். எல்லோருக்கும் பொதுவான அரசு ஓய்வூதியம் இதில் சேராது.

சட்டத்தில் உள்ள தடுப்புகளையும் சொல்லியாக வேண்டும். அரசு நேரடியாகக் கணக்குக்குள் நுழையாது. யாரிடம் என்ன வாங்கினார், எங்கே சாப்பிட்டார் என்ற பரிவர்த்தனை விவரங்களை வங்கி தரக்கூடாது. வரம்பு மீறித் தந்தால் வங்கிக்கு அபராதம். வங்கி சொன்னதை மட்டும் வைத்து யாருடைய பணத்தையும் நிறுத்த முடியாது, ஓர் அதிகாரி விசாரித்து முடிவெடுக்க வேண்டும். சுயேச்சையான ஒருவர் ஆண்டுதோறும் இதைப் பரிசீலித்து அறிக்கை தர வேண்டும்.

அரசு சொல்லும் காரணம் பெரிய தொகை. 2024-25இல் தகுதிக்கு மேல் கொடுக்கப்பட்டதாக, உதவித்தொகைகளைக் கவனிக்கும் துறை மதிப்பிட்டது 9.5 பில்லியன் பவுண்டு, மொத்தச் செலவில் 3.3 சதவீதம். அதில் மோசடி மட்டும் இல்லை, பயனாளி தெரியாமல் செய்த பிழையும் அதிகாரிகளே செய்த பிழையும் சேர்ந்திருக்கின்றன. ஆனால் செய்தித் தலைப்பில் "மோசடி" மட்டும் மிஞ்சுகிறது. எளியவர்களைப் பற்றிய விவாதங்களில் இது திரும்பத் திரும்ப நடப்பதால் இங்கேயே குறித்து வைக்கிறேன்.

லண்டனில் மகன், மயிலாப்பூரில் கூட்டுக் கணக்கு

சென்னைக் குடும்பங்களுக்கு இந்தச் சட்டம் நேரடியாகத் தொடும் இடம் ஒன்று இருக்கிறது.

வேலை விசாவிலோ மாணவர் விசாவிலோ பிரிட்டன் போனவர்களுக்குப் பெரும்பாலும் "பொது நிதி கிடையாது" என்ற நிபந்தனை உண்டு. அவர்கள் யூனிவர்சல் கிரெடிட் வாங்கவே முடியாது. நிரந்தரமாகத் தங்கும் உரிமையோ குடியுரிமையோ பெற்றவர்களுக்குத்தான் இந்தப் பேச்சு.

அப்படி உதவித்தொகை வாங்கும் ஒருவருக்கு இந்தியாவில் உள்ள சேமிப்பும் சேமிப்புதான். சென்னை வங்கியில் கிடக்கும் வைப்புத்தொகை, குடியிருக்காத இரண்டாவது வீடு எல்லாம் 16,000 பவுண்டுக் கணக்கில் வரும். பிரிட்டன் வங்கியின் கண்ணில் படாததால் சொல்லத் தேவையில்லை என்று நினைப்பது தவறு. சொல்ல வேண்டிய கடமை புதிய சட்டத்துக்கு முன்பே இருக்கிறது.

நம் வீடுகளில் நிலைமை இன்னும் சிக்கலானது. அப்பா ஓய்வு பெற்றபோது வந்த பணத்தை வங்கியில் போடுகிறார். "நாளைக்கு எனக்கு ஒன்று ஆகிவிட்டால் அலைய வேண்டாம்" என்று மகன் பெயரையும் சேர்த்துவிடுகிறார். மகனுக்கு அந்தப் பணத்தில் ஒரு பைசா சொந்தமில்லை, பாஸ்புக்கில் பெயர் மட்டும் இருக்கிறது. பிரிட்டன் விதிப்படி, வேறு ஆதாரம் இல்லாவிட்டால், கூட்டாக உரிமையுள்ள சொத்து சமபங்காகவே கருதப்படும். "வேறு ஆதாரம் இல்லாவிட்டால்" என்பதில்தான் வழி இருக்கிறது. பணம் அப்பாவின் பணிக்கொடையிலிருந்து வந்தது, வட்டியை அப்பாவே எடுத்துக்கொள்கிறார், வரிக் கணக்கில் அப்பாவே காட்டுகிறார் என்பதற்குக் காகிதம் இருந்தால் கேள்வி வரும்போது காட்டலாம். அந்தக் காகிதங்களை இப்போதே ஒரு கோப்பில் போட்டு வைப்பது, கேள்வி வந்த பிறகு தேடுவதைவிட நல்லது. வருங்காலத்துக்காகத்தான் பெயர் வேண்டும் என்றால் கூட்டுக் கணக்குக்குப் பதில் வாரிசு நியமனமே (நாமினி) போதும்.

சென்னையில் என்ன பார்க்கிறார்கள்?

தமிழ்நாட்டில் வேலையில்லாதவர் வாங்கக்கூடிய பணம் பிரதானமாக இரண்டு.

1. மாநில அரசின் வேலைவாய்ப்பற்றோர் உதவித்தொகை. வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிந்து 5 ஆண்டு காத்திருந்தவர்களுக்கு. மாதம், பத்தாம் வகுப்பில் தவறியவருக்கு 200 ரூபாய், தேறியவருக்கு 300, பிளஸ் டூ தேறியவருக்கு 400, பட்டதாரிக்கு 600. மூன்று மாதத்துக்கு ஒருமுறை கணக்கில் போடுவார்கள், 3 ஆண்டுக்குத் தருவார்கள். குடும்ப வருமானம் ஆண்டுக்கு 72,000 ரூபாயைத் தாண்டக் கூடாது. 40 வயதுக்குள் இருக்க வேண்டும். எஸ்சி, எஸ்டி பிரிவினருக்கு 45. பொறியியல், மருத்துவம், சட்டம் போன்ற தொழிற்படிப்பு முடித்தவர்களுக்குக் கிடையாது. மாற்றுத்திறனாளிகளுக்குத் தொகை அதிகம், வருமான வரம்பு கிடையாது, 10 ஆண்டுகள் கிடைக்கும்.

2. இஎஸ்ஐயின் அடல் பீமித் வியக்தி கல்யாண் திட்டம். 2018 ஜூலையில் தொடங்கியது. மாதம் 21,000 ரூபாய் வரை சம்பளம் வாங்கி இஎஸ்ஐ சந்தா பிடித்தவர்கள் வேலை இழந்தால், அதிகபட்சம் 90 நாளுக்குச் சராசரி தினக்கூலியில் ஒரு பங்கு கிடைக்கும். முதலில் 25 சதவீதமாக இருந்தது, கொரோனா காலத்தில் 50 சதவீதம் ஆக்கினார்கள். தினம் 500 ரூபாய் சராசரி என்றால் 250 வீதம் 90 நாளுக்கு 22,500 ரூபாய். வாழ்நாளில் ஒருமுறைதான். ஒழுங்கு நடவடிக்கையால் வேலை போனவருக்கும் விருப்ப ஓய்வு பெற்றவருக்கும் கிடையாது.

இரண்டாவது காப்பீட்டு வகை. சம்பளமும் சந்தாவும் இஎஸ்ஐ கழகத்திடமே பதிவாகி இருக்கின்றன. வங்கிக் கணக்கு, பணம் போய்ச் சேரும் முகவரி மட்டுமே. அம்பத்தூர் தொழிலாளி தன் சேமிப்பைப் பற்றிக் கவலைப்பட இதில் ஒன்றுமே இல்லை.

முதலாவது தேவை வகை. ஆனால் அதன் வருமான வரம்பை வங்கியில் கேட்டு அறிவதில்லை. வருவாய்த் துறைச் சான்று, விண்ணப்பம், வேலையில் இல்லை என்று ஆண்டுதோறும் கொடுக்க வேண்டிய சுய உறுதிமொழி ஆகியவற்றில்தான் அது நிற்கிறது. பாஸ்புக் நகலைக் கேட்பது கணக்கு எண்ணுக்காக. பிரிட்டனைப் போல, பயனாளிகளின் கணக்கை மொத்தமாக அலசித் தெரிவிக்க வங்கிகளைக் கட்டாயப்படுத்தும் சட்டம் இந்தியாவில் இல்லை.

நம் ஊரில் வசதியை அளப்பதற்கு வேறு வழி பிடித்திருக்கிறார்கள். வேலையின்மைத் திட்டம் இல்லை என்றாலும் கலைஞர் மகளிர் உரிமைத் தொகை இதற்கு நல்ல உதாரணம். 2023 செப்டம்பர் 15இல் தொடங்கிய அந்தத் திட்டத்தில் குடும்ப வருமானம் 2.5 லட்சத்துக்குள் இருக்க வேண்டும். ஆண்டு மின் பயன்பாடு 3,600 யூனிட்டுக்குள் இருக்கிறதா, கார் இருக்கிறதா, நிலம் எத்தனை ஏக்கர், வருமான வரி கட்டுகிறார்களா என்று பார்த்தார்கள். வங்கி இருப்பைக் கேட்கவில்லை, ஈபி மீட்டரைக் கேட்டார்கள். நிராகரித்தவர்களுக்குக் காரணம் குறுஞ்செய்தியாகப் போனது, 30 நாளுக்குள் கோட்டாட்சியரிடம் மேல்முறையீடு செய்யலாம் என்ற வழியும் இருந்தது. ஒரே மீட்டரில் மூன்று குடித்தனம் இருக்கும் வீட்டில் இந்த அளவுகோல் தப்பாகத்தான் போகும். ஆனாலும் காரணத்தைச் சொல்லி, கதவையும் திறந்து வைத்தது சரியான முன்மாதிரி.

நம் ஊர் ஆட்களுக்குப் பணம் நிற்பது எதனால்?

பணத்தை அனுப்பும் முன், கணக்கு சரிதானா என்று பார்க்க ஒரு ரூபாய் போட்டுப் பார்ப்பது வழக்கம். மகளிர் உரிமைத் தொகை தொடங்கும் முன்பும் அப்படிச் செய்தார்கள். ஒரு ரூபாய் போய்ச் சேர்ந்தால் கணக்கு உயிரோடு இருக்கிறது; திரும்பி வந்தால் எங்கோ கோளாறு. நமக்குத் தெரிந்த "வங்கிச் சோதனை" பெரும்பாலும் இவ்வளவுதான். கோளாறு பொதுவாக இவற்றில் ஒன்றாக இருக்கும்:

1. ஆதார் வேறு கணக்கோடு இணைந்திருப்பது. ஆதார் எண்ணை வைத்து அனுப்பும் திட்டங்களில், கடைசியாக எந்த வங்கிக் கணக்கை இணைத்தீர்களோ அதற்குத்தான் பணம் போகும். படிக்கும்போது ஸ்காலர்ஷிப்புக்காகத் திறந்து மறந்த கணக்கில் பணம் சேர்ந்துகொண்டிருக்கும். ஆள் வேறு கணக்கின் பாஸ்புக்கை வைத்துக்கொண்டு, வரவில்லை என்று அலைவார்.

2. கணக்கு உறங்கிப்போவது. இரண்டு ஆண்டு பரிவர்த்தனை இல்லாவிட்டால் வங்கி அதைச் செயலற்ற கணக்காக மாற்றும். ஆனால் அரசுத் திட்டப் பணத்துக்காகவும் ஸ்காலர்ஷிப்புக்காகவும் திறந்த ஜீரோ பேலன்ஸ் கணக்குகளை அப்படி மாற்றக் கூடாது என்று ரிசர்வ் வங்கியின் விதி 2024 ஏப்ரல் 1 முதல் நடப்பில் இருக்கிறது. கவுன்டரில் இதை எடுத்துச் சொல்ல வேண்டும்.

3. கேஒய்சி காலாவதி ஆவதும், ஆதாரில் ஒரு பெயரும் பாஸ்புக்கில் வேறு பெயரும் இருப்பதும்.

4. வந்த பணத்தை வங்கியே பிடித்துக்கொள்வது. குறைந்தபட்ச இருப்பு இல்லை என்ற அபராதத்துக்காக உரிமைத் தொகையில் சில வங்கிகள் கைவைத்தபோது, அப்படிப் பிடிக்கக் கூடாது என்று 2023இல் நிதியமைச்சர் தங்கம் தென்னரசு எச்சரிக்க வேண்டி வந்தது.

வரவு வேறு, வருமானம் வேறு

நாளைக்கு இங்கும் பிரிட்டன் போலக் கணக்கின் உள்ளே பார்க்கலாம் என்று யாராவது யோசனை சொன்னால் என்ன ஆகும்? ஆபத்து எங்கே இருக்கிறது என்பதைச் சென்னையின் சாதாரணமான ஒரு பாஸ்புக்கே காட்டிவிடும்.

வியாசர்பாடியில் பிஏ முடித்து, பதிவு செய்து ஆறு ஆண்டு ஆகிவிட்ட ஒரு பெண் என்று வைத்துக்கொள்வோம். அரசு தரும் 600 ரூபாய் வாங்குகிறார். அவர் கணக்கில் ஒரு மாதம் வந்தவை இவை: தம்பி கேட்டரிங் வேலையில் வாங்கிய கூலி 4,500, அவனுக்கு ஏடிஎம் கார்டு தொலைந்ததால் அக்கா கணக்குக்கு. பக்கத்து வீட்டு அம்மாவுக்கு ஜிபே கிடையாது என்பதால் அவர் மகன் அனுப்பிய 3,000. ஏலச்சீட்டு எடுத்த பணம் 50,000. அதில் பாதி நகைக்கடன் அடைக்கப் போய்விட்டது. ஒருவரிடம் கைமாற்றாக வாங்கிய 2,000.

கூட்டினால் 59,500 ரூபாய். இயந்திரத்தின் கண்ணுக்கு இது ஒரே மாதத்து வரவு, ஆண்டு வரம்பான 72,000ஐ எட்டிப் பிடிக்கப் போகும் தொகை. இதில் அவருடைய வருமானம் எவ்வளவு? ஒரு ரூபாய்கூட இல்லை. தம்பியின் கூலி தம்பியுடையது. பக்கத்து வீட்டுப் பணம் கைமாறிப் போனது. சீட்டுப் பணம் பல மாதம் அவரே கட்டியதும், இனிமேல் கட்ட வேண்டியதும். கைமாற்று கடன்.

இருப்பை மட்டும் பார்த்தால் பரவாயில்லையா? அதிலும் சிக்கல்தான். சென்னையில் லீசுக்குக் குடியிருக்கும் குடும்பங்களை எடுத்துக்கொள்ளுங்கள். மூன்று லட்சமோ ஐந்து லட்சமோ மொத்தமாகக் கொடுத்து, வாடகை இல்லாமல் இருப்பார்கள். அந்தப் பணம் நகையை அடகு வைத்ததும், மாமனார் தந்ததும், கடன் வாங்கியதுமாகத் திரட்டியது. வீடு மாறும்போது பழைய ஓனர் பணத்தைத் திருப்பித் தருவார். புதிய ஓனருக்குக் கொடுக்கும்வரை பத்து நாள் அது கணக்கில் கிடக்கும். அந்தப் பத்து நாளில் இயந்திரம் பார்த்தால் அந்தக் குடும்பம் லட்சாதிபதி. பதினோராவது நாள் பார்த்தால் கையில் 800 ரூபாய்.

மொய்ப் பணம், ஆஸ்பத்திரிச் செலவுக்குச் சொந்தக்காரர்கள் போட்ட பணம், மகளிர் குழுக் கடன் எல்லாமே இப்படித்தான். ஏழைகளின் கணக்கு தனி மனிதரின் கணக்காக இருப்பதில்லை. அது ஒரு தெருவின் பொதுப் பை. அந்தப் பையைக் கையில் வைத்திருப்பவரைப் பணக்காரர் என்று கணக்கிட்டால், இருப்பவர்களிலேயே நம்பிக்கைக்கு உரியவருக்குத்தான் முதல் அடி விழும்.

எண்ணிக்கையையும் யோசிக்க வேண்டும். 10 லட்சம் கணக்குகளை அலசும் இயந்திரம் நூற்றுக்கு 99 தடவை சரியாகச் சொல்கிறது என்றே வைப்போம். மீதி ஒரு சதவீதம் 10,000 குடும்பம்.

ஆஸ்திரேலியாவில் நடந்தது

இந்தப் பயம் கற்பனை இல்லை. ஆஸ்திரேலிய அரசு வேலையின்மை உதவித்தொகை போன்றவற்றை வாங்கியவர்களின் ஆண்டு வருமானத்தை வரித்துறையிடம் வாங்கி, அதை 26 இருவாரங்களாகச் சமமாகப் பிரித்து, பயனாளிகள் அறிவித்ததோடு ஒப்பிட்டது. ரோபோடெட் என்று பெயர் பெற்ற அந்தத் திட்டம் 2019 வரை ஓடியது.

அதன் கோளாறு ஒரு சின்னக் கணக்கில் புரிந்துவிடும். ஒருவர் முதல் 13 இருவாரம் வேலை செய்து, இருவாரத்துக்கு 2,000 டாலர் வீதம் 26,000 சம்பாதிக்கிறார். அடுத்த 13 இருவாரம் வேலை இல்லை, உதவித்தொகை வாங்குகிறார், வருமானம் பூஜ்யம் என்று உண்மையாகச் சொல்கிறார். இயந்திரம் 26,000ஐ 26ஆல் வகுத்து, இருவாரத்துக்கு 1,000 டாலர் சம்பாதித்ததாக முடிவு கட்டுகிறது. வேலை இல்லாத காலத்திலும் 1,000 டாலரை மறைத்தார் என்று வாங்கிய தொகையைத் திருப்பிக் கேட்டு நோட்டீஸ் போகிறது. அந்த நோட்டீஸ் தப்பு என்று நிரூபிக்கும் சுமை பயனாளி தலையில். பல ஆண்டுக்கு முந்தைய சம்பளச் சீட்டை அவர் தேட வேண்டும்.

2020இல் அரசே பணிந்தது. 4,70,000 கடன் நோட்டீஸ்கள் ரத்தாகி, 72.1 கோடி டாலரைத் திருப்பித் தருவதாக அறிவித்தது. அது சட்டவிரோதம் என்பது நீதிமன்றத்திலும், 2023 ஜூலையில் வந்த ராயல் கமிஷன் என்ற உயர்நிலை விசாரணைக் குழுவின் அறிக்கையிலும் உறுதியானது. விசாரணையில், நோட்டீஸ் வந்தவர்களின் தற்கொலைகளும் பேசப்பட்டன. வகுத்தல் கணக்கில் பிழை இல்லை. வகுக்கக் கூடாத ஒன்றை வகுத்தார்கள், வந்த விடையை எந்த மனிதரும் ஒருமுறை நிதானமாகப் பார்க்கவில்லை.

இந்தியச் சட்டம் எங்கே நிற்கிறது?

வங்கி வாடிக்கையாளரின் ரகசியத்தைக் காக்க வேண்டும் என்பது பழைய கோட்பாடு. 1924இல் ஓர் ஆங்கிலத் தீர்ப்பு அதற்கு நான்கு விலக்குகளை வகுத்தது: சட்டத்தின் கட்டாயம், பொதுநலக் கடமை, வங்கியின் சொந்த நலன், வாடிக்கையாளரின் சம்மதம். நம் பொதுத்துறை வங்கிகளுக்கும் ரகசியம் காக்கும் கடமை சட்டத்திலேயே இருக்கிறது.

இதில் முக்கியமானது 2004ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றத் தீர்ப்பு. முத்திரைத் தாள் வரி ஏய்ப்பைப் பிடிக்க, கலெக்டர் அனுமதித்த எவரும் வங்கியில் புகுந்து வாடிக்கையாளரின் ஆவணங்களைப் பார்க்கலாம் என்று ஆந்திர அரசு விதி போட்டிருந்தது. கனரா வங்கி சம்பந்தப்பட்ட அந்த வழக்கில் விதி செல்லாது என்றானது. காகிதத்தை வங்கியிடம் கொடுத்துவிட்டதாலேயே அதன் மீதுள்ள அந்தரங்க உரிமை போய்விடாது, அந்தரங்கம் இடத்துக்கு உரியது அல்ல, ஆளுக்கு உரியது என்றது நீதிமன்றம். 2017இல் புட்டசாமி வழக்கில் ஒன்பது நீதிபதிகள் அந்தரங்கத்தை அடிப்படை உரிமை என்றார்கள். 2018 ஆதார் தீர்ப்பு, எல்லா வங்கிக் கணக்கையும் ஆதாரோடு கட்டாயமாக இணைக்கச் சொன்ன விதியை ரத்து செய்தது. ஆனால் அரசின் மானியம், உதவித்தொகைகளுக்கு ஆதார் கேட்பதை ஏற்றுக்கொண்டது. உதவித்தொகை வாங்குபவருக்கு மட்டும் கதவு கொஞ்சம் திறந்தே இருக்கிறது என்று இதற்கு அர்த்தம்.

2023இன் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும் அந்தக் கதவை மூடவில்லை. மானியமோ உதவித்தொகையோ தருவதற்காக அரசு தரவைக் கையாளும்போது, சில நிபந்தனைகளோடு, ஒவ்வொரு முறையும் தனிச் சம்மதம் வாங்கத் தேவையில்லை என்கிறது. வரித்துறைக்குத் தனி அதிகாரங்கள் உண்டு. ஓராண்டில் 10 லட்சத்துக்கு மேல் சேமிப்புக் கணக்கில் ரொக்கம் போட்டால் வங்கியே தெரிவித்துவிடும். அது வேறு துறை, வேறு நோக்கம்.

கணக்கு முடக்கம் என்ற தனிப் பிரச்சினை

சென்னையில் வேலையில்லாத இளைஞர்களுக்கு இன்றைக்கு நேரடியாக நடப்பது இதுதான். "அக்கவுண்டை ஒரு மாசம் வாடகைக்குக் கொடு, கமிஷன் தர்றோம்" என்று மோசடிக் கும்பல் ஆள் பிடிக்கிறது. கொடுத்தவர் கணக்கில் திருட்டுப் பணம் புரளும், சைபர் கிரைம் போலீஸ் முடக்கும், உதவித்தொகையும் சேர்ந்து மாட்டிக்கொள்ளும். கொடுத்தவரும் வழக்கில் சிக்குவார். கமிஷன் எவ்வளவு சொன்னாலும் ஏடிஎம் கார்டையும் சிம்மையும் தரக் கூடாது.

எதுவுமே தெரியாமல், யாரோ அனுப்பிய சந்தேகப் பணத்தால் முடங்குபவர்களும் உண்டு. அவர்களுக்கு 2024 செப்டம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் சொன்னது உதவும்: தொகையையும் காலத்தையும் குறிப்பிடாமல் முழுக் கணக்கையும் முடக்குவது வாழ்வாதார உரிமையைப் பாதிக்கும், சந்தேகத்துக்குரிய தொகையை மட்டும் நிறுத்திவைத்து மீதியை இயக்க விட வேண்டும்.

பணம் நின்றுவிட்டால்

1. ஆதார் எந்த வங்கியோடு இணைந்திருக்கிறது என்று ஆதார் ஆணையத்தின் தளத்தில் பாருங்கள். பாதிப் பிரச்சினை இங்கேயே தெரிந்துவிடும்.

2. வங்கிக் கிளையில் வாய்மொழியாகக் கேட்காதீர்கள். "என் கணக்கு எந்தத் தேதியிலிருந்து, என்ன காரணத்தால், யார் உத்தரவால் நிறுத்தப்பட்டது?" என்று எழுதிக் கொடுத்து, நகலில் சீல் வாங்குங்கள்.

3. 30 நாளில் பதில் வராவிட்டாலோ பதில் திருப்தி தராவிட்டாலோ ரிசர்வ் வங்கிக் குறைதீர்ப்பாளரிடம் இலவசமாகப் புகார் செய்யலாம். உதவி எண் 14448.

4. உதவித்தொகையை நிறுத்தியது அரசு அலுவலகம் என்றால், 10 ரூபாய்க் கட்டணத்தில் தகவல் உரிமை மனு போட்டுக் காரணத்தையும், எந்த ஆவணத்தை வைத்து முடிவெடுத்தார்கள் என்பதையும் கேளுங்கள். பதில் தர அவர்களுக்கு 30 நாள்.

5. அடுத்தவர் பணம் உங்கள் கணக்கு வழியாகப் போயிருந்தால், யாருடையது, எப்போது வந்தது, எப்போது திருப்பிக் கொடுத்தீர்கள் என்று பாஸ்புக் வரிக்குப் பக்கத்திலேயே பென்சிலால் குறித்து வையுங்கள். லீஸ் ஒப்பந்தம், சீட்டுப் புத்தகம், நகைக்கடன் ரசீது ஆகியவற்றை அந்த பாஸ்புக்கோடு ஒரே உறையில் போடுங்கள். அதிகாரி கேட்கும்போது நீட்ட வேண்டியது அந்த உறையைத்தான்.